என்ன படம் பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் பார்ப்பதில் எனக்குள்ள பித்து தெரிந்தவர்கள் யாரைச் சந்தித்தாலும், நலம் விசாரித்த கையோடு "ஓடிடியில் பார்க்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் பல வருடங்களாகக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களோடு தந்திருக்கிறேன். ஆவணப்படங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கதைப்படத்தைப் பரிந்துரைக்க எங்கு பார்த்தாலும் ஆள் இருக்கிறது. ஆவணப்படத்துக்காகப் பேசுகிறவர்கள் குறைவு.

1. நல்ல படம் சொல்லுங்கன்னு கேட்டா, பேரைச் சொல்லாம எதுக்கு எதிர்க்கேள்வி கேக்குறீங்க?

மூன்று விஷயம் தெரிந்தால்தான் என்னால் சொல்ல முடியும். எவ்வளவு நேரம் இருக்கிறது? கூட யார் உட்காரப் போகிறார்கள்? கடைசியாக எந்தப் படம் பார்த்தபோது நடுவில் போனை எடுக்கவே தோன்றவில்லை? இந்த மூன்றாவதில்தான் எனக்கு வேண்டிய துப்பு கிடைக்கும்.

"எனக்கு த்ரில்லர் பிடிக்கும்" என்று ஒரு நண்பர் சொன்னார். எந்தெந்தப் படம் என்று தோண்டிக் கேட்டேன். அவர் சொன்னவை எல்லாமே நாலு பேர் ஓர் இடத்தில் உட்கார்ந்து வாதாடும் படங்கள். துரத்தலும் துப்பாக்கியும் அவருக்கு வேண்டியதே இல்லை. '12 ஆங்ரி மென்' பாருங்கள் என்றேன். 1957-இல் வந்த படம், 96 நிமிடம், பன்னிரண்டு ஜூரிகள், ஒரு மேஜை. கிட்டத்தட்ட முழுப் படமும் அந்த ஓர் அறைக்குள்தான். ராத்திரி பார்த்து முடித்த கையோடு எனக்குப் போன் செய்தார்.

2. டாக்குமெண்டரியே பார்த்ததில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் ஆரம்பியுங்கள். முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயைப் பிரிந்த ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இருவரைப் பற்றியது. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கியது; 2023-இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. சுமார் 40 நிமிடம்தான். பேச்சும் தமிழ் என்பதால் சப்டைட்டில் தொல்லை கிடையாது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் பெரிய வசதி.

அடுத்து 'மை ஆக்டோபஸ் டீச்சர்' (2020). தென்னாப்பிரிக்கக் கடலில் கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர் மூச்சடக்கி முங்கி, ஒரே ஓர் ஆக்டோபஸைத் தினமும் போய்ப் பார்க்கிறார். கிட்டத்தட்ட ஒரு வருடம். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த உயிர் முதன்முதலாகத் தன் கையை நீட்டி அவர் கையைத் தொடும்போது நம்மை அறியாமல் நிமிர்ந்து உட்காருவோம்.

மூன்றாவதாக 'மேன் ஆன் வயர்' (2008). நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கம்பி கட்டி 1974 ஆகஸ்ட் 7 அன்று ஃபிலிப் பெத்தி நடந்த கதை. அனுமதி வாங்காமல் செய்தது என்பதால் திருட்டுக்குத் திட்டம் போடும் படம் போலவே விறுவிறுப்பாகப் போகும். இதில் ஓர் ஆச்சரியம், அந்த நடையை யாரும் வீடியோ எடுக்கவில்லை. புகைப்படங்கள் மட்டும்தான். அசையாத அந்தப் படங்களை வைத்தே நம் மூச்சை நிறுத்திவிடுகிறார்கள். இந்த மூன்றும் பிடித்துவிட்டால் பிறகு நீங்களே தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

3. டாக்குமெண்டரின்னா பாடம் எடுக்கிற மாதிரி போரடிக்காதா?

பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டியதை மனதில் வைத்துப் பலர் இப்படிக் கேட்கிறார்கள். பின்னணியில் ஒரு கனத்த குரல், திரையில் வரைபடம், நடுநடுவே நிபுணர் பேட்டி. அது ஆவணப்படத்தில் ஒரு வகை மட்டும்தான். 'ஹனிலேண்ட்' (2019) படத்தில் பின்னணிக் குரலும் கிடையாது, பேட்டியும் கிடையாது. வடக்கு மாசிடோனியாவில் ஆளில்லாத ஒரு கிராமத்தில், படுக்கையில் கிடக்கும் தாயோடு வாழும் ஹதீஜே என்ற பெண் காட்டுத்தேன் எடுக்கிறார். "பாதி எனக்கு, பாதி உங்களுக்கு" என்று தேனீக்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். அப்புறம் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் குடிவருகிறது. அவர்களும் தேனீ வளர்க்கத் தொடங்குகிறார்கள். வியாபாரி அதிகம் கேட்கிறான், பாதி என்ற கணக்கு உடைகிறது. எந்தக் கதாசிரியரும் இதைவிடக் கச்சிதமாக எழுதியிருக்க முடியாது. மூன்று வருடம் கூடவே இருந்து எடுத்தார்கள். சிறந்த ஆவணப்படம், சிறந்த வெளிநாட்டுப் படம் என்று இரண்டு ஆஸ்கர் பிரிவுகளிலும் ஒரே வருடத்தில் போட்டியிட்ட முதல் படம் இதுதான்.

பரபரப்பு வேண்டுமென்றால் 'ஃப்ரீ சோலோ' (2018). அலெக்ஸ் ஹானல்ட் என்ற மலையேற்ற வீரர் கயிறு கட்டாமல் அமெரிக்காவின் எல் கேபிடன் பாறையில் ஏறுகிறார், கிட்டத்தட்ட 900 மீட்டர். ஏறி முடித்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வியர்க்கும். படம் எடுப்பவர்கள் அவருடைய நண்பர்கள். தங்கள் கேமராவால் அவர் கவனம் சிதறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் தவிப்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி. ஏறும்போது ஒரு கேமராமேனால் பார்க்கவே முடியாமல் திரும்பிக்கொள்வார்.

4. ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள முடியுற மாதிரி?

பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) முக்கால் மணி நேரம்தான். நூறு வயதைத் தாண்டிய படம், இன்றும் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) இரண்டுமே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றில் தொலைவது சைக்கிள், மற்றொன்றில் ஒரு ஜோடி ஷூ. ஒரு வீட்டுக்கு ஒரு சின்னப் பொருள் எவ்வளவு பெரியது என்பதை இரண்டு படமும் காட்டிவிடும். ஆவணப்படம் வேண்டுமென்றால் 2-ஆம் கேள்வியில் சொன்ன முதல் இரண்டும் இந்தக் கணக்குக்குள் வரும்.

5. ரிமோட்டை வெச்சுத் தேடித் தேடியே தூக்கம் வந்துடுது. என்ன பண்றது?

தேடுகிற நேரத்தையும் பார்க்கிற நேரத்தையும் பிரித்துவிடுங்கள். பகலில் யாராவது ஒரு படம் சொன்னால் அப்போதே வாட்ச்லிஸ்ட்டில் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலில் ஐந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆறாவது வந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். ராத்திரி அந்த ஐந்துக்குள்தான் தேர்வு. நூறு படம் கிடக்கும் வாட்ச்லிஸ்ட்டில் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

முகப்பில் தெரியும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் ஒரே படத்துக்கு ஆளுக்கொரு முகப்புப் படம் காட்டுகிறது. காதல் படம் நிறையப் பார்த்தவருக்குக் காதல் ஜோடி, நகைச்சுவை பார்த்தவருக்கு நகைச்சுவை நடிகர். 2017-இல் அவர்களே இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். உங்கள் திரையில் சிரிக்கும் முகம் படத்தில் பத்து நிமிடம் மட்டும் வருபவராக இருக்கலாம். தானாக ஓடும் முன்னோட்டத்தை அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம். அதைச் செய்தாலே பாதி அலைச்சல் குறையும்.

இன்னொரு வழி, பிடித்த படத்தின் இயக்குநர் பெயரைத் தேடல் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். முகப்பு ஒருபோதும் காட்டாத படங்கள் அப்படித்தான் வெளியே வரும்.

6. டாப் 10-ல வந்தா நல்ல படம்தானே?

நிறையப் பேர் பார்த்த படம் என்று மட்டும் அர்த்தம். அந்தக் கணக்கும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2020-இல் நெட்ஃபிளிக்ஸ், ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு பார்வை என்று எண்ணியது. 2021-இல் மொத்தம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்று மாற்றியது. நீளமான தொடர்களுக்கு அது சாதகமாகப் போனதால், 2023 முதல் மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துச் சொல்கிறது. எந்த முறையிலும், பார்த்தவருக்குப் பிடித்ததா என்ற கேள்வி கணக்கில் இல்லை. ஊரே பேசும் படத்தைத் தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல் உதவும், அவ்வளவுதான்.

7. ராட்டன் டொமேட்டோஸ்ல 95 சதவீதம். அப்போ 100-க்கு 95 மார்க்தானே?

இல்லை. அது விமர்சனங்களைத் திரட்டிக் காட்டும் தளம். விமர்சகர்களில் 100-க்கு 95 பேர் "பார்க்கலாம்" என்ற பக்கம் நின்றிருக்கிறார்கள், அதுதான் பொருள். நூறு பேரும் "சுமாராக இருக்கிறது, பார்க்கலாம்" என்று எழுதினால்கூட 100 சதவீதம் வந்துவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் திட்டிய படத்துக்கு 50 சதவீதம்தான். 60 இருந்தால்தான் அந்தத் தளத்தில் நல்ல தக்காளி முத்திரை. எனக்கு வாழ்நாள் முழுதும் மனதில் நிற்கும் சில படங்கள் அந்தப் பாதிக்குப் பாதி ரகம். சதவீதத்தை விட்டுவிட்டு, உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் ஒரு விமர்சகரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போதும் உங்களோடு முரண்படுபவரும் உதவுவார். அவர் திட்டினால் தைரியமாகப் பார்க்கலாம்.

8. சப்டைட்டிலா, டப்பிங்கா?

கதைப்படத்துக்கு எது உங்களைப் படத்துக்குள் இருக்க வைக்கிறதோ அது. கண் மங்கிய பெரியவர்களும், வேகமாக வாசிக்க வராத குழந்தைகளும் டப்பிங்கில் பார்ப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆவணப்படத்துக்கு மட்டும் மூலக்குரலோடு பார்க்கச் சொல்லுவேன். ஒருவர் தயங்குவதும், குரல் உடைவதும், பதில் சொல்லாமல் பெருமூச்சு விடுவதும்தான் அங்கே சாட்சி. டப்பிங் கலைஞர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்தத் தயக்கம் அவருடையது அல்ல.

குரல் மாறினால் படமே மாறிவிடும் என்பதற்கு 'மார்ச் ஆஃப் தி பெங்குவின்ஸ்' (2005) நல்ல உதாரணம். பிரெஞ்சு மூலத்தில் பென்குயின்களே "நான்", "நாங்கள்" என்று பேசும். நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை எடுத்துவிட்டு, மார்கன் ஃப்ரீமன் கதைசொல்லியாகப் பேசும்படி மாற்றினார்கள். பின்னணி இசையையும் மாற்றினார்கள். அதே பனி, அதே பறவைகள், ஆனால் இரண்டு வேறு படங்கள்.

வாசிப்பதே வேண்டாம் என்றால் பேச்சே இல்லாத படங்கள் இருக்கின்றன. 'தி ரெட் டர்டில்' (2016) என்ற அனிமேஷன் படம், ஆவணப்படத்தில் 'பராகா' (1992). இரண்டையும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

9. புது டிவியில எந்தப் படம் போட்டாலும் சீரியல் மாதிரி தெரியுது. படத்துல கோளாறா?

டிவியில் இருக்கும் ஓர் அமைப்புதான் காரணம். சினிமா நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. புது டிவிக்கள் அசைவை வழவழப்பாக்க, நடுவில் தாங்களாகவே பிரேம்களை உருவாக்கிச் செருகுகின்றன. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். படக் காட்சி அமைப்புகளில் 'மோஷன்' என்ற சொல் வரும் எதையும் அணைத்துப் பாருங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

10. குழந்தைங்க, பெரியவங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து பார்க்குற மாதிரி எது?

4-ஆம் கேள்வியில் சொன்ன 'ஷெர்லாக் ஜூனியர்', 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' இரண்டும் இதற்குப் பொருந்தும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் 'அப்பல்லோ 11' (2019). நிலாவில் இறங்கிய பயணத்தை 1969-இல் எடுத்த காட்சிகளையும் அன்றைய ஒலிப்பதிவுகளையும் மட்டுமே வைத்துத் தொகுத்தது. இப்போது யாரும் வந்து விளக்கிப் பேசுவதில்லை. பெட்டியில் கிடந்த அகலமான ஃபிலிம் சுருள்களைக் கண்டெடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். நேற்று எடுத்ததைப் போல இருக்கும். தாத்தா பாட்டிக்கு அந்த நாள் நினைவு வரும், அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வயதுக் குறியீட்டைப் பார்க்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் எழுதியிருக்கும் காரணத்தையும் வாசியுங்கள். வன்முறையா, கெட்ட வார்த்தையா, பயமா என்று அங்கே இருக்கும். எல்லாமும் குறியீட்டில் வராது. 'மை ஆக்டோபஸ் டீச்சர்' படத்தில் சுறா ஒன்று ஆக்டோபஸின் கையைக் கடித்துப் பிய்த்துவிடும். கை திரும்ப வளரும், ஆனால் கடைசியில் முட்டையிட்டபின் அது இறந்துபோகும். அதுதான் அந்த உயிரின் இயற்கை. சின்னப் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காருவது நல்லது. திடீரென்று பார்த்து அழுத ஒரு குழந்தையை நான் ராத்திரி நெடுநேரம் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

11. டாக்குமெண்டரியில காட்டுறது எல்லாம் உண்மைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். சுருக்கமான பதில், எல்லாமே தேர்ந்தெடுத்து அடுக்கப்பட்டதுதான். முழுநீள ஆவணப்படங்களின் முன்னோடி என்று சொல்லப்படும் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) படத்திலிருந்தே இந்தச் சிக்கல் தொடங்குகிறது. வடதுருவப் பனிப்பகுதியில் வாழும் இனுவிட் வேட்டைக்காரர் ஒருவரைப் பற்றிய படம் அது. நானூக் என்பது அந்த வேட்டைக்காரரின் நிஜப் பெயர் இல்லை, அல்லகரியல்லக் என்பது அவர் பெயர். மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. துப்பாக்கியால் வேட்டையாடிப் பழகியவர்களை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார்கள். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டி எடுத்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த முகங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மன்னிக்கவே முடியாத பொய்யும் உண்டு. லெம்மிங் என்ற சின்ன எலி இனம் கூட்டமாகப் போய்த் தற்கொலை செய்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பரப்பியதில் டிஸ்னியின் 'வைட் வில்டர்னஸ்' (1958) படத்துக்குப் பெரிய பங்கு. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு அவற்றை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, படப்பிடிப்புக்காகவே மேட்டிலிருந்து தள்ளி எடுத்த காட்சி அது. அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது. கனடா நாட்டுத் தொலைக்காட்சி 1980-களில் இதை வெளியே கொண்டுவந்தது.

இன்னொரு வகை, சொன்னது உண்மை, சொல்லாமல் விட்டதில் சிக்கல். 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' (2012) அருமையான படம். அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத ரோட்ரிகஸ் என்ற பாடகர், தனக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரும்புகழ் பெற்றிருந்த கதை. ஆனால் அவர் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியாவில் மேடையேறிப் பாடியிருக்கிறார். படத்தில் அது இல்லை. இருந்திருந்தால், முற்றிலும் மறக்கப்பட்டவர் என்ற கதை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும். இயற்கைப் படங்களில் கேட்கும் காலடி, மெல்லும் சத்தமெல்லாம்கூடப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சேர்த்தவை. அதை நான் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதைத் தெரிந்துகொண்டால் படம் சொல்லும் முடிவு மாறுமா? லெம்மிங் படத்தில் மாறும். எலும்பைக் கடிக்கும் சத்தத்தில் மாறாது.

12. அப்போ நடிச்சுக் காட்டுற காட்சி வந்தாலே அது டாக்குமெண்டரி இல்லையா?

அப்படியும் இல்லை. எரல் மோரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) படத்தில் டல்லஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்ட காட்சி பல தடவை நடித்துக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு சாட்சி சொன்னபடியும் ஒரு தடவை. ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதைப் பார்க்கப் பார்க்க, சாட்சிகள் சொன்னது எவ்வளவு பொய் என்று நமக்கே விளங்கும். அந்த வழக்கில் மரண தண்டனை வரை போன ராண்டல் டேல் ஆடம்ஸ் 1989-இல் விடுதலையானார். நடித்துக் காட்டுவது இங்கே உண்மையை மறைக்கவில்லை, பொய்யைப் பிரித்துக் காட்டுகிறது.

'ஃப்ளீ' (2021) பெரும்பாலும் அனிமேஷன். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி டென்மார்க் போன ஒருவரின் கதை. அவர் முகமும் பெயரும் வெளியே தெரியக்கூடாது என்பதால் வரைந்தார்கள். அப்பாஸ் கியரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' (1990) இன்னும் விசித்திரம். தன்னை ஒரு பிரபல இயக்குநர் என்று சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றியவரும், ஏமாந்த அதே குடும்பமும், நடந்ததைத் தாங்களே மறுபடி நடித்துக் காட்டுகிறார்கள். கதைப்படமா ஆவணப்படமா என்று கேட்டால் இரண்டும்தான். 11-ஆம் கேள்வியின் கடைசியில் சொன்ன அளவுகோலை இங்கேயும் வைத்துப் பாருங்கள்.

13. கிரைம் டாக்குமெண்டரி சீரிஸ் ஒண்ணு முடிச்சா அடுத்ததுன்னு பார்த்துட்டே இருக்கேன். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தொடரை முடித்ததும் ஒன்று யோசித்துப் பாருங்கள்: கொலை செய்தவரின் பெயர் நினைவிருக்கிறது, செத்துப்போனவரின் பெயர் நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தொடர் யாருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியது என்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை எட்டு எபிசோடாக இழுப்பதும் இந்த வகையில்தான் அதிகம். ஒவ்வொரு எபிசோடும் ஒரு முடிச்சில் நிற்க வேண்டும் என்பதற்காக, முதலிலேயே தெரிந்த தகவலைக் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். ஒருவரின் மரணத்தை அப்படிக் கையாள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேலே சொன்ன ஆடம்ஸ், விடுதலையான பிறகு இயக்குநர் மீதே வழக்குத் தொடுத்தார். தன் வாழ்க்கைக் கதையின் உரிமை தன்னிடம் இருக்க வேண்டும் என்று. பின்னர் சமரசமாக முடிந்தது. உயிரைக் காப்பாற்ற உதவிய படத்திலேயே இப்படி ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. மற்றவற்றில் எழாமல் இருக்குமா?

14. மனசை ரொம்பப் பாதிக்கிற படங்களைப் பார்க்கணுமா? எப்போ பார்க்கிறது?

பார்க்க வேண்டும். அதற்கான நாளைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். 'நைட் அண்ட் ஃபாக்' (1956) 32 நிமிடம்தான். நாஜி முகாம்களைப் பற்றியது. நேரம் குறைவு என்று தூங்கப் போகும் முன் போட்டுவிடாதீர்கள். 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) படத்தில் இந்தோனேசியாவில் 1965-66 படுகொலைகளில் ஈடுபட்டவர்கள், தாங்கள் செய்ததைத் தங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் பெருமையோடு நடித்துக் காட்டுகிறார்கள். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். படத்தில் வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் பலருடைய இடத்தில் 'பெயர் குறிப்பிடப்படவில்லை' என்றுதான் இருக்கும். பெயர் போட்டால் அவர்கள் உயிருக்கு ஆபத்து. 'ஷோவா' (1985) ஒன்பது மணி நேரத்துக்கு மேல். பழைய காட்சி ஒன்றுகூட இல்லாமல் சாட்சிகளின் முகத்தையும் இன்றைய நிலத்தையும் மட்டுமே காட்டும். அதை நான்கைந்து நாளாகப் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

பரிந்துரைக்கும்போதும் இது முக்கியம். தந்தையை இழந்து சில வாரங்களே ஆன ஒருவரிடம், யோசிக்காமல், மருத்துவமனையில் முடியும் ஒரு படத்தைச் சொல்லிவிட்டேன். நல்ல படம்தான். அவரால் பாதியைத் தாண்ட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு, படத்தில் இழப்போ நோயோ குழந்தைக்கு ஆபத்தோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை தெரிந்துபோகும் என்பதற்காக இதை மறைக்கத் தேவையில்லை.

15. பல நாள் கூடவே வர்ற மாதிரி நீளமா ஒண்ணு வேணும்.

'அப்' வரிசை. 1964-இல் பிரிட்டனில் ஏழு வயதுக் குழந்தைகள் 14 பேரைப் பேட்டி கண்டார்கள், 'செவன் அப்!' என்ற பெயரில். அதன்பின் ஏழு வருடத்துக்கு ஒருமுறை அவர்களையே தேடிப் போய்ப் படம் எடுத்தார்கள். கடைசியாக 2019-இல் '63 அப்'. முதல் படத்தில் உதவியாளராக இருந்து, மற்ற எல்லாவற்றையும் இயக்கிய மைக்கேல் ஆப்டெட் 2021-இல் காலமானார். ஏழு வயதில் துள்ளிய ஒரு பையன் இருபத்தெட்டு வயதில் எங்கே நிற்கிறான் என்று பார்க்கும்போது, தெரிந்த பிள்ளை ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டதைப் போல மனது பதறும். வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டு விட்டுப் பாருங்கள்.

அவ்வளவு வேண்டாம் என்றால் 'ஹூப் டிரீம்ஸ்' (1994). கூடைப்பந்து வீரனாக வேண்டும் என்று கனவு காணும் சிகாகோ நகரத்துப் பையன்கள் இருவரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து எடுத்தது. அரை மணி நேரக் குறும்படமாகத் திட்டமிட்டது கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக வளர்ந்தது. அந்த விளையாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

16. நீங்க சொன்ன படத்தைத் தேடினேன், கிடைக்கலையே?

ஓடிடி தளங்கள் பெரும்பாலான படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம் வாங்குகின்றன. காலம் முடிந்ததும் படம் போய்விடும். அடுத்த மாதம் வேறு தளத்தில் வரலாம். நாட்டுக்கு நாடும் உரிமம் வேறு. ஒரு தளம் தானே தயாரித்ததோ வாங்கி வெளியிட்டதோ ஆன படங்கள் மட்டும்தான் ஓரளவுக்கு அங்கேயே இருக்கும். 'மை ஆக்டோபஸ் டீச்சர்', 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' இரண்டும் நெட்ஃபிளிக்ஸில் இருப்பது அதனால்தான். எந்தப் படம் எங்கே ஓடுகிறது என்று தேடிச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயரை மூலமொழியிலும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

பணம் கட்டாமல் முறையாகப் பார்க்கவும் வழி உண்டு. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன்னுடைய ஆவணப்படங்கள், அனிமேஷன் படங்கள் ஆயிரக்கணக்கில் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மௌனப் படங்கள் பலவற்றுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் கிடைக்கும்.

17. நீங்க சொன்ன படம் எனக்குப் பிடிக்கல. சொன்னா வருத்தப்படுவீங்களா?

வருத்தப்பட மாட்டேன். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உறவினர் ஒருவர் 'ஹனிலேண்ட்' படத்தை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார். மெதுவாகப் போகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தேனீ கொட்டுகிறது, யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை" என்றார். அவருக்குப் பொறுமை குறைவு என்று நான் நினைத்தது தவறு. சின்னப் பிள்ளைகள் வலியில் இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அடுத்து 'அப்பல்லோ 11' கொடுத்தேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, இப்போது 'மேன் ஆன் வயர்' எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்.